எங்கட கரடி

“இருபத்திரண்டு கிலோ எழுநூறு,” என்றார் உருத்திரமூர்த்தி, தராசின் மேல் நின்ற சூட்கேசைக் குனிந்து பார்த்து. “இன்னும் முந்நூறு கிராமுக்கு இடமிருக்கு. என்ன வைக்கிறீர், மிளகாய்த்தூளோ, ஒடியல் மாவோ?”

“நான் என்னத்தை வைக்கிறது? உங்கட முகத்தைப் பாத்தால் அந்த முந்நூறு கிராமுக்கும் ஒரு கரடியை வைக்கச் சொல்லுவியள் போல கிடக்கு,” என்றாள் சரோஜாதேவி.

முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய மனுசி. ஆளின் வயிற்றுக்குள் இருப்பதை வாயைத் திறக்க முன்பே சொல்லிவிடுவாள்.

இன்னும் ஒன்பது நாளில் இருவரும் கனடாவுக்குப் போகிறார்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப அல்ல. மகள் லக்சனா ஸ்பொன்சர் செய்து, ஒரேயடியாக. புத்தளம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதியில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற உருத்திரமூர்த்திக்கு, போகும் முன் செய்து முடிக்க ஒரேயொரு வேலைதான் மிச்சம். வில்பத்துக் காட்டில் ஒரு கரடியைக் கண்ணால் காண வேண்டும்.

கவனியுங்கள், சிறுத்தை அல்ல. வில்பத்துவுக்கு வருகிற சனம் எல்லாம் சிறுத்தைக்குத்தான் வருகிறது. ஜேர்மனியில் இருந்து விமானம் ஏறி வந்து, ஒரு சிறுத்தையின் வாலை மட்டும் கண்டுவிட்டு ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதவர்களை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அவருக்கோ சிறுத்தை என்பது தெருவில் படுத்திருக்கும் மாடு மாதிரி. நாலு தரம் காட்டுக்குப் போனதில் ஏழு சிறுத்தை கண்டாயிற்று. கடைசித் தரம் ஒன்று வழியை மறித்துப் படுத்துக் கிடந்தபோது, “ஒருக்கா ஹோர்ன் அடியுங்கோ தம்பி, நேரம் போகுது,” என்று சொல்லி ஜீப்காரனைத் திகைக்க வைத்தவர் அவர்.

கரடிதான் அகப்படவில்லை.

“அப்பா, இஞ்ச கரடி வந்து எங்கட குப்பை வாளியைக் கிளறுது,” என்று லக்சனா தொலைபேசியில் சிரித்தாள். அவள் இருப்பது ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு ஊர். “வாங்கோ, யன்னலால காட்டுறன்.”

“அது உங்கட கரடி, பிள்ளை. மீன் தின்னுற கரடி. நான் சொல்லுறது எங்கட கரடி. பாலைப்பழம் தின்னுறது.”

“கரடியில என்னப்பா எங்கட, உங்கட?”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்து இரண்டு பையோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் புத்தளத்துக்கு வந்தார்கள். இரண்டு கிழமைக்கு என்றுதான் வந்தார்கள். இரண்டு கிழமை முப்பது வருடமாகிவிட்டது. ‘நாளைக்குப் போகப் போறம்தானே’ என்று முற்றத்தில் ஒரு மாங்கன்றுகூட நடவில்லை. இப்போது உண்மையாகவே போகப் போகிற நேரத்தில்தான், அடடா, இந்த ஊரை நான் இன்னும் பார்க்கவேயில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காட்டின் எல்லைப் படம் அவருடைய கச்சேரி மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருபத்தாறு வருடம் கிடந்தது. அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்திருக்கிறாரே தவிர, அந்தக் காட்டுக்குள் ஓய்வு பெறும்வரை கால் வைத்ததில்லை. பாராமல் விட்டது எத்தனையோ. எல்லாவற்றையும் ஒன்பது நாளில் பார்த்து முடிக்க ஏலாது. மனம் ஒரு கரடியில் வந்து நின்றுவிட்டது.

போதாததற்கு ஆரபி. லக்சனாவின் மகள், ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவள் கேட்கிற முதல் கேள்வியே இதுதான்.

“அம்மப்பா, உங்கட கரடி கண்டீங்களா?”

“இன்னும் இல்லையம்மா.”

“கண்டா எனக்கும் காட்டுவீங்களா?”

“உனக்குக் காட்டாமல் வேற ஆருக்கு? போனிலயே நேராக் காட்டுவன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சத்தியம் செய்தாயிற்று. கரடியைத்தான் காணோம்.

காணாததற்குக் காரணம் யார் என்பதில் உருத்திரமூர்த்திக்குச் சந்தேகமே இல்லை. முதல் தரம், “ஐயோ, இஞ்சேருங்கோ! கரடி! கரடி!” என்று சரோஜாதேவி கத்திய கத்தலில் அவர் திரும்பிப் பார்க்க, ஒரு புதர்ப் பற்றை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கரடியைக் கண்டாள், அவர் பற்றையைக் கண்டார். இரண்டாம் தரம் அவள் முறுக்குப் பையைப் பிரித்தாள். மூன்றாம் தரம் பக்கத்து ஜீப்பில் இருந்த பெண்ணிடம், “நீங்கள் எவடம்?” என்று துவங்கி, அவள் தன் மச்சாளின் மச்சாள் என்று கண்டுபிடித்து, இருவரும் காட்டின் நடுவில் கலியாணக் கதை கதைத்தார்கள். நாலாம் தரம் அவருடைய போனே அலறியது. அழைத்தது ஆரபி. ஆனால் மணிச்சத்தத்தைக் கூட்டி வைத்தது சரோஜாதேவி. ஆகவே அதுவும் அவள் கணக்கில்தான்.

“இஞ்சேரும்,” என்றார் அவர், சூட்கேசை இறக்கி வைத்துவிட்டு. “நாளைக்குக் கடைசித் தரம் போய்ப் பாப்பம். ஃபாஹிமுக்குச் சொல்லிப்போட்டன். ஒரு நாளைக்கு மட்டும் நீர் கதைக்காமல் இருப்பீரோ?”

“நான் எங்க கதைக்கிறன்? கேட்டால் மறுமொழி சொல்லுறன். அதுவும் கூடாதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ. தனியப் போய் யானை மிதிச்சால் பிறகு விசாவை என்ன செய்யிறது? லக்சனா எத்தினை வருசம் அலைஞ்சு எடுத்தவள், அதுவும் அந்தப் பிள்ளை வேலைக்கும் போய், பிள்ளையையும் பாத்து—”

“மௌன விரதம் பிடிச்சுக்கொண்டு வாருமன்.”

சரோஜாதேவி சட்டென்று நின்றாள். விரதம் என்றால் அவளுக்கு விளையாட்டு இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு, ஏழாம் நாள் பாறணைக்கு இருபது பேருக்குச் சமைக்கிறவள்.

“ஆருக்கு?”

“முன்னேஸ்வரத்து அம்மனுக்கு.”

“என்னத்துக்காக?”

“கரடிக்காக.”

“கரடிக்காக அம்மனுக்கு விரதமோ? அந்த மனுசி என்ன நினைக்கும்?” அவள் அந்தக் கோயில் இருக்கிற சிலாபத் திசைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, குரல் இறங்கிவிட்டது. “இஞ்ச இருந்த முப்பது வருசமும் ‘வன்னியில, வன்னியில’ எண்டு கதை சொன்னியள். அங்க போய் ‘புத்தளத்தில, புத்தளத்தில’ எண்டு துவங்கப் போறியள். எனக்குத் தெரியும். சரி, பிடிக்கிறன். நித்திரையால எழும்பினதில இருந்து காட்டு வாசலால வெளிய வரும்வரைக்கும் ஒரு சொல்லும் கதையன். பிறகு நீங்கள் காலில விழுந்தாலும் கதையன், சொல்லிப்போட்டன்.”

உருத்திரமூர்த்திக்கு வந்த சந்தோசத்தில் அன்றிரவு சரியாக நித்திரையும் வரவில்லை. கோணலாகப் படுத்ததில் கழுத்து இலேசாகப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அவருக்கு அந்தக் கழுத்து நோவு பழைய வருத்தம். அதற்கென்று ஒரு தைலம் உண்டு. மூடியைத் திறந்தால் மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கு மூக்கடைத்த தடிமன் சுகமாகும். ஒவ்வொரு காலையும், “தைலம் பூசினீங்களோ?” என்று சரோஜாதேவி கேட்பாள், அவர் பூசுவார். முப்பத்தைந்து வருடத்தில் அவராக நினைத்துப் பூசியது ஒரு நாளும் இல்லை.

அன்று விடியப்புறம் அவள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? அவர் எதிரில் வந்து நின்று தன் கழுத்தை இரண்டு தரம் தடவிக் காட்டினாள்.

“சங்கிலியோ? வேண்டாம். காட்டுக்கு என்னத்துக்குச் சங்கிலி? கழட்டி அலுமாரிக்குள்ள வையும்,” என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் கழுத்தைத் தடவினாள்.

“தாலியை ஆர் கழட்டச் சொன்னது? நான் சங்கிலியைச் சொன்னனான்!”

அவள் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஜீப்பில் ஏறினாள். விரதம் என்றால் விரதம்.

ஜீப் தில்லையடி ஃபாஹிமுடையது. நல்ல பொடியன். முப்பது வயது இருக்கும், காட்டைத் தன் வீட்டு வளவு மாதிரி அறிந்தவன். ஒரேயொரு குறை, சரோஜாதேவிக்குப் பிறகு புத்தளத்தில் அதிகம் கதைக்கிறவன் அவன்தான்.

“அஸ்ஸலாமு— சீ, குட் மோர்னிங் சேர்! குட் மோர்னிங் அன்ரி! இண்டைக்கு இன்ஷா அல்லாஹ் காட்டிடலாம் சேர். பாலைப்பழ சீசன். கரடியெல்லாம் வயிறு முட்டத் தின்னுட்டு மாப்பிள்ளை மாதிரித் திரியுது. என்ன அன்ரி, ஒண்டும் பேசுறீங்க இல்ல? கோவமா?”

“அவ விரதம், தம்பி. நீங்களும் இண்டைக்குக் கதைக்கக் கூடாது.”

“நானுமா? எனக்கு என்ன சேர் விரதம்? நோன்பிலயும் நாங்க பேசுவமே.”

“எனக்காக.”

ஃபாஹிம் ஸ்டியரிங்கைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். “சரி சேர். ஆனா ஒரு விசயம் மட்டும் சொல்லிடுறன், இந்தக் கரடிக்கு—”

“ஷ்ஷ்!”

“இல்ல சேர், அதோட காது—”

“காது கேக்கும் எண்டுதான் தம்பி, ஷ்ஷ்!”

“அப்ப மிருகம் கண்டா எப்பிடிச் சொல்ற?”

இதை உருத்திரமூர்த்தி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். “கம்பியில தட்டுங்கோ. மானுக்கு ஒண்டு, யானைக்கு ரெண்டு, கரடிக்கு மூண்டு.”

“சிறுத்தைக்கு?”

“சிறுத்தைக்குத் தட்ட வேண்டாம்.”

எழுவன்குளம் வாசல் ஆறு மணிக்குத் திறந்தது. உள்ளே போய் அரை மைல் இருக்காது, “டங், டங், டங்!” என்று மூன்று தட்டு.

உருத்திரமூர்த்தி இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். கரடி இல்லை. ஃபாஹிம் வாயைத் திறக்காமல் கையை விரித்து, தான் தட்டவில்லை என்று காட்டினான்.

அடுத்த பள்ளத்தில் மறுபடியும் “டங், டங், டங்!” இடப்பக்கம், வலப்பக்கம். ஒன்றுமில்லை. அதற்கடுத்த பள்ளத்தில் நாலு. நாலு என்றால் கரடியும் மானுமா? இப்படிப் பதினொரு பள்ளத்துக்குக் கழுத்தை முறித்து முறித்துப் பார்த்த பிறகுதான், ஆசனத்துக்குக் கீழே கழன்று கிடந்த ஜாக்குக் கம்பி தட்டுகிறது என்று தெரிய வந்தது. பன்னிரண்டாவது பள்ளத்தில் கழுத்தில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம். அத்தோடு தலை நேராக நின்றுவிட்டது. இடமும் இல்லை, வலமும் இல்லை.

“இனி ஒருதரும் தட்டுறேல்ல,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சரோஜாதேவி கையை வீசி ஏதோ சொல்ல வெளிக்கிட்டாள். வளையல்கள் கலகலத்தன. அவர் முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து வளையல்களைச் சுற்றிக் கட்டினார். கட்டிய கையால் அவள் மறுபடியும் கழுத்தைக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. சட்டைப்பையில் இருந்த சின்னக் கொப்பியையும் பேனையையும் கொடுத்து, “எழுதும்,” என்றார் மெதுவாக.

அவள் எழுதினாள்: ‘தைலம் பூசினீங்களோ?’

அவர் அதை வாசித்தபோது ஜீப் காட்டுக்குள் மூன்று மைல் போயிருந்தது.

எழுதக் கிடைத்த பிறகு சரோஜாதேவியை மறிக்க முடியவில்லை. ‘அடுப்பு நிப்பாட்டினதோ ஞாபகமில்லை’ என்று ஒரு பக்கம். ‘பக்கத்து வீட்டுக் கத்தரினாவுக்குக் குடுத்த சட்டியை வாங்க வேணும்’ என்று ஒரு பக்கம். ‘இந்தப் பொடியனுக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லையோ, விசாரியுங்கோ’ என்று அடிக்கோடு போட்டு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் சரக் சரக்கென்று கிழித்து நீட்டினாள். முறுக்குப் பை இதைவிட எவ்வளவோ மேல். அவர் பேனையைப் பறித்துப் பையில் போட்டார்.

வாயும் இல்லை, கையும் இல்லை, பேனையும் இல்லை என்றான பிறகு அவள் என்ன செய்வாள்? சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு பின் ஆசனத்தில் சரிந்து நித்திரையாகிவிட்டாள்.

காட்டுக்குள் ‘வில்லு’ என்று சொல்லுகிற நீர்நிலைகள் உண்டு. அப்படி ஒரு வில்லுக்கரையில், பெரிய பாலை மரம் ஒன்றைத் தாண்டி, தண்ணீரைப் பார்த்தபடி ஜீப்பை நிறுத்தச் சொன்னார் உருத்திரமூர்த்தி. கரடி தண்ணீர் குடிக்க வராமலா போகும் என்பது அவர் எண்ணம். ஃபாஹிம் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் விரலை உதட்டில் வைத்தார். அவன் எஞ்சினை நிறுத்தினான். கதைக்காமல் அவன் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம் போலும், ஐந்து நிமிடத்தில் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது.

ஏழு மணி வெயில் தண்ணீரில் விழுந்திருந்தது. அக்கரையில் மான்கள். ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. சரோஜாதேவி மெல்லக் குறட்டை விட்டாள், அதுகூட அந்த நேரத்தில் காட்டுச் சத்தம் போலத்தான் இருந்தது. உருத்திரமூர்த்தி, பூட்டுப் போட்ட கழுத்தோடு, நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

எவ்வளவு வடிவான இடம். வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம். கச்சேரி விட்டு வந்த எத்தனை சனி ஞாயிறு இங்கே வந்திருக்கலாம். வராமல், வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வடக்கே இருந்து வருகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். இனி வேறொரு ஊரில் கதிரையைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் பார்க்கப் போகிறாரோ. போக மனமில்லை என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு முழுதாக விளங்கியது. மகளைப் பார்க்க வேண்டும், ஆரபியைத் தூக்க வேண்டும், அது வேறு ஆசை. இது வேறு. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருந்துகொண்டு ஆளை வருத்துகின்றன.

“அம்மாளாச்சி, ஒரேயொரு கரடி,” என்றார் வாய்க்குள்.

டொக். டொக். டொக்.

ஜீப்பின் கூரையில் பாலைப்பழம் விழுந்தது. பழங்களும் மூன்று தரம் தட்டுகின்றனவே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. தட்ட வேண்டாம் என்று மரத்துக்குச் சொல்ல முடியுமா?

அப்போதுதான் சட்டைப்பைக்குள் போன் நடுங்கியது.

காட்டுக்குள் சிக்னல் கிடைப்பதே அரிது. கிடைத்த இடம் பார்த்து ஆரபி எடுக்கிறாள், அதுவும் வீடியோ கோல். அங்கே அப்போது இரவு, அவள் படுக்கப் போகிற நேரம். போன தரம் நடந்தது ஞாபகம் வர, உருத்திரமூர்த்தி பதறிப்போய்ச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் பச்சைப் பொத்தானை அமர்த்தினார். போனை நீட்டிப் பிடித்தார்.

திரையில் ஆரபி, இரவுச் சட்டையோடு, கட்டிலின் மேல். பக்கத்தில் ஆருமில்லை. திரையின் மூலையில் அவருடைய முகமும் முத்திரை அளவில் தெரிந்தது. வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த அளவில் அவருக்குத் தன் தலையும் பின்னால் இருக்கிற மரமும் ஒன்றுதான்.

அவர் உதட்டில் விரல் வைத்து, கதைக்க ஏலாது என்று காட்டினார். பிறகு, கரடி இல்லையம்மா, மன்னித்துக்கொள் என்பதற்குக் கையை விரித்துக் காட்டினார். தலையை ஆட்டத்தான் கழுத்து விடவில்லை.

பிள்ளை ஏமாந்துபோய் அழும் என்றுதான் நினைத்தார். ஆரபி அழவில்லை. கண்ணை அகல விரித்து அவரையே பார்த்தாள். வாயில் இரண்டு கையையும் வைத்தாள். பிறகு கட்டிலில் துள்ளத் தொடங்கினாள். துள்ளினாள், கை தட்டினாள், சத்தமில்லாமல் ஏதேதோ சொன்னாள், சிரித்தாள். கடைசியாக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி ஆட்டிக் காட்டினாள். முத்தம் ஒன்றையும் ஊதி விட்டாள்.

உருத்திரமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மப்பாவைக் கண்டதற்கே இவ்வளவு சந்தோசமா? அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். அவள் ஆட்ட, அவர் ஆட்ட, இரண்டு நிமிடம் இருக்கும், திரை உறைந்து சிக்னல் போய்விட்டது.

பிறகு பன்னிரண்டு மணி வரை எத்தனையோ வில்லு, எத்தனையோ மரம். ஒரு யானை, நூறு மான், வேண்டாத சிறுத்தை ஒன்று. கரடி இல்லை.

வாசலைத் தாண்டிய அந்தக் கணத்திலேயே சரோஜாதேவியின் வாய் திறந்தது. “தைலம் எண்டு எத்தினை தரம் காட்டினன், கழுத்தைத் தடவிக் காட்டினால் சங்கிலியைக் கழட்டச் சொல்லுறியள், இப்ப பாருங்கோ கம்பம் மாதிரி இருக்கிறியள், பிளேனில எப்பிடி இருக்கப் போறியள், தம்பி ஃபாஹிம் உமக்குக் கலியாணம் ஆச்சுதோ?”

“ரெண்டு புள்ள இருக்கு அன்ரி. அல்ஹம்துலில்லாஹ், இப்ப பேசலாமா சேர்? காலையில இருந்து சொல்ல வாறன், நீங்க விடல்ல. கரடிக்குக் காது மந்தம் சேர். கண்ணும் மட்டம். மூக்கு மட்டும்தான் அதுக்கு எல்லாம். நீங்க மேளம் அடிச்சாலும் அது பழந்தான் தின்னும்.”

“அப்ப முந்தி நாலு தரமும் ஏன் தம்பி ஓடினது?”

“கோவிக்காதீங்க சேர். உங்கட தைலம். எனக்கே கண்ணில தண்ணி வரும். அது பாவம் மிருகம்.”

உருத்திரமூர்த்தி சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

“இண்டைக்குத்தான் தைலம் பூசேல்லையே,” என்றார் உருத்திரமூர்த்தி.

“அதுதான் சேர் எனக்கும் விளங்கல்ல. இண்டைக்கு வந்திருக்கணுமே.”

சரோஜாதேவி அவரைப் பார்த்தாள். முப்பது வருடத்து மன வெப்பியாரம் எல்லாம் இப்போது வெடித்துக் கிளம்பப் போகிறது என்று நினைத்து, சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தாள். ஆனால் உருத்திரமூர்த்தி சிரித்தார்.

“போகட்டும் விடுங்கோ. கரடியோ பெரிசு? அந்தப் பிள்ளை கை காட்டினதை நீங்கள் ரெண்டு பேரும் பாத்திருக்க வேணும். என்னைக் கண்ட சந்தோசத்தில கட்டிலில நிண்டு துள்ளுது. அங்க இப்பிடி ஒரு சீவன் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கேக்க, நான் இஞ்ச கரடி, கரடி எண்டு அலையிறன்.”

அதைத் தில்லையடி வரும்வரை மூன்று தரம் சொன்னார். வீட்டுக்கு வந்து, சரோஜாதேவி கழுத்துக்குத் தைலம் தேய்க்கையில் இன்னொரு தரம் சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கழுத்து விட்டுக்கொடுத்தது. மனமும் அப்படித்தான். கச்சேரியில் இருந்து ஓய்வு பெற்று வரும்போது கேட்டு வாங்கி வந்த அந்த எல்லைப் படத்தை, தேத்தண்ணிக் கோப்பை வட்டங்களோடு, மடித்து முந்நூறு கிராம் இடத்துக்குள் வைத்தார்.

“இது என்னத்துக்கு?” என்றாள் சரோஜாதேவி.

“கரடி வராட்டில், கரடி இருக்கிற இடமாவது வரட்டும்.”

அவள் சூட்கேசை மூடினாள். விரதம் முடிந்த பிறகும் அவள் ஒன்றும் சொல்லாதது அந்த ஒரு தரம்தான்.

பின்னேரம் நாலரைக்கு லக்சனா எடுத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்து பிள்ளைகள் எழும்புகிற நேரம். உருத்திரமூர்த்தி கண்ணாடியைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டி, போனை மேசையில் சாய்த்து வைத்து, தலையைக் கோதிக்கொண்டு இருந்தார்.

“அப்பா, இரவு இவள் என்னை நித்திரை கொள்ளவிடேல்ல,” என்றாள் லக்சனா. “நான் குளிச்சுப்போட்டு வாறன், கட்டிலில நிண்டு ஒரே துள்ளல். என்ன கனவு கண்டாளோ தெரியாது. நீங்களே கேளுங்கோ.”

ஆரபியின் முகம் திரை முழுவதும் வந்தது.

“என்ர குஞ்சு,” என்றார் உருத்திரமூர்த்தி. “அம்மப்பாவைக் கண்ட உடன அவ்வளவு சந்தோசமோ உனக்கு? குறை நினையாதை அம்மா, கரடி காட்டுறன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு—”

“தாங்க்ஸ் அம்மப்பா, கரடி காட்டினதுக்கு,” என்றாள் ஆரபி. “அது மரத்தால இறங்கி வந்து, ரெண்டு காலில எழும்பி, உங்களுக்குப் பின்னால எவ்வளவு நேரம் நிண்டது, நான் அதுக்குக் கையெல்லாம் காட்டினனான், நீங்க ஏன் அம்மப்பா ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்ல?”